துருத்திக்காரரின் இருமல்

இருபத்தாறு வருஷமாக நான் எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் நாற்காலிக்காரி. பூசைக்கு வருகிறவர்களுக்கு வைக்கோல் நாற்காலி எடுத்துப் போடுவேன். ஆளுக்கு ரெண்டு சூ காசு வாங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொள்வேன். பூசை முடிந்ததும் எல்லாவற்றையும் இழுத்து அடுக்குவேன். இது போக இன்னொரு வேலையும் உண்டு. யாரும் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. பிரசங்க நேரத்தில் கிசுகிசுக்கிறவர்களையும் குறட்டை விடுகிறவர்களையும் இருமுகிறவர்களையும் முறைப்பது. எங்கள் மோன்ருவால் ஊரில் என் முறைப்புக்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஒரு தடவை பங்குச் சாமியே பிரசங்கத்தின் நடுவில் தும்மிவிட்டு, நான் நிற்கும் தூணைத்தான் முதலில் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் எலுவா பாரோவைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு என் முறைப்பில் தொடங்குகிறேனே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. வரும்.

எலுவா பாரோ என்றால் ஊருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. எவாரிஸ்த் லோர்மோ என்றால் தெரியும். எங்கள் கோயிலில் முப்பத்தொரு வருஷம் ஆர்கன் வாசித்தவர். அவர் எழுதிய பாட்டுகளை இன்றைக்குப் பாரிஸில் வாசிக்கிறார்கள், ரேடியோவில் போடுகிறார்கள். அவர் குடியிருந்த வீட்டில் கல் பதித்திருக்கிறார்கள், மார்க்கெட் தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பெயர் வாங்கியது, கல்லறைத் திருநாளுக்காக அவர் எழுதிய ஆர்கன் பாட்டு. போரில் செத்த எங்கள் ஊர்ப் பையன்கள் நாற்பத்தேழு பேருக்காக எழுதியது. அதில் ஒன்பது இடத்தில் பாட்டு அப்படியே நின்றுபோகும். ஒரு சத்தமும் இருக்காது. லோர்மோவின் மௌனங்கள் என்று அதற்குப் பெயர். அந்த மௌனங்களைப் பற்றி மட்டும் மூன்று புத்தகம் வந்திருக்கிறதாம். கடவுள் பேசாமல் இருப்பதைத்தான் அவர் எழுதினார் என்கிறது ஒன்று. சாவுக்கு அந்தப்பக்கம் என்கிறது இன்னொன்று. இப்போது பாட்டெழுதக் கற்கிற பிள்ளைகளெல்லாம் நடுவில் நடுவில் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறார்களாம்.

அட, போங்கள்!

எலுவா பிறந்தது லாடம் அடிக்கிற பட்டறையில். எட்டு வயதில் அப்பாவின் உலைக்குத் துருத்தி ஊதத் தொடங்கினார். பதினாறு வயதில் கோயில் ஆர்கனின் துருத்திக்குக் கூப்பிட்டார்கள். வார நாளெல்லாம் நெருப்புக்குக் காற்று, ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குக் காற்று. "நெருப்புக்கு எப்படி ஊதினாலும் எரியும். பாட்டுக்கு அப்படி இல்ல, ஸெலி. வாளி நிறையப் பால் எடுத்துக்கிட்டு ஒரு சொட்டுத் தளும்பாம நடக்கணும்," என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிறு அன்றுதான் அவரைப் பார்த்தேன். பூசை முடிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆர்கன் இருக்கிற மாடத்துப் படியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து ஒரு ஆள் இறங்கி வந்தார்.

"பாட்டு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் வாசிச்சீங்களா?"

"சேச்சே. வாசிச்சது லோர்மோ ஐயா. அவர் வெறும் விரல். நான்தான் மூச்சு."

"அப்ப மூச்சு கொஞ்சம் தள்ளி நிக்கட்டும், வேர்வை நாத்தம் தாங்கல," என்றேன். மறுவருஷம் கல்யாணம்.

ஆர்கனுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு மர அறை இருக்கிறது. எழுபத்தொரு படி ஏற வேண்டும். அங்கே இரண்டு பெரிய மிதிகட்டைகள். மாறி மாறி மிதித்தால் துருத்தியில் காற்று நிரம்பும். சுவரில் ஒரு நூலில் ஈயக் குண்டு தொங்கும். காற்று நிறைந்தால் குண்டு ஏறும், குறைந்தால் இறங்கும். ஆணி அடித்த இடத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பாட்டு நோய் கண்ட மாடு மாதிரி முனகும். எலுவா மிதித்த காலத்தில் அந்தக் குண்டு ஆணிக்குக் கீழே ஒரு நாளும் போனதில்லை. லோர்மோ ஐயா முன்பக்கம் உட்கார்ந்திருப்பார். இவர் பின்பக்கம். நடுவில் பலகையும் குழாய்களும். இரண்டு பேருக்கும் முகம் தெரியாது. ஒரு கம்பியில் கட்டிய சின்ன மணிதான் பேச்சு. ஒரு தடவை அடித்தால் மிதி, இரண்டு தடவை அடித்தால் நிறுத்து. போருக்கு முன்னால் பதினாறு வருஷம் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

லோர்மோ ஐயா பேசாத மனுஷன். வணக்கம் சொன்னால் தொப்பியைத் தொடுவார், அதுவே அன்றைக்கு நிறைய. கல்யாணம் கட்டவில்லை. பாரிஸில் ஒரு பெரிய கோயிலில் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஏன் போகவில்லை என்று கோயில்பிள்ளை உர்பேன் கேட்டதற்கு, "அங்க காத்து சரியில்ல" என்றாராம். ஊரில் எல்லாரும் அவருக்கு மார்ச்சளி என்று நினைத்தார்கள். எலுவாவுக்கு மட்டும் புரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சூப்பைக் குடித்துக்கொண்டே தனக்குத்தானே சிரித்தார். "என்னய்யா பல்லைக் காட்டறீங்க?" என்றேன். சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து உர்பேன் வாயிலிருந்து தெரிந்துகொண்டேன்.

பிறகு, பதினாலாம் வருஷம், போர் வந்தது. எலுவாவுக்கு முப்பத்துமூன்று வயது. பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினேழாம் வருஷம் விஷப்புகை பட்டது. பத்தொன்பதாம் வருஷம் வசந்தத்தில் திரும்பி வந்தார். கை இருந்தது, கால் இருந்தது, முகம் இருந்தது. உயிரோடு வந்தாரே என்று வாசலில் மண்டி போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னேன். நான் எழுந்திருக்கும் முன்பே அந்த இருமலைக் கேட்டேன்.

அதை எப்படிச் சொல்வது! வறட்டு இருமல் இல்லை, சளி இருமலும் இல்லை. உள்ளே யாரோ சரளைக்கல்லை அள்ளி அள்ளிக் கொட்டுவது போல் இருக்கும். வந்தால் நிற்காது. நின்றால் அவர் உதடு நீலமாக இருக்கும். கடுகுப் பற்றுப் போட்டேன், லிண்டன் பூ காய்ச்சிக் கொடுத்தேன், டாக்டர் கண்ணாடிக் குப்பிகளைச் சூடாக்கி முதுகில் ஒட்டவைத்தார். "படி ஏறக் கூடாது" என்றார் டாக்டர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இவர் பத்து இடத்தில் நின்று நின்று எழுபத்தொரு படியும் ஏறிவிட்டார்.

மேலே லோர்மோ ஐயா வந்து நின்றிருக்கிறார். அதிசயமாக வாயைத் திறந்து, "பாரோ, உன் மார்பு..." என்று தொடங்கியிருக்கிறார்.

"ஐயா," என்றாராம் எலுவா. "என் மூச்சைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசினா, நான் கீழ இறங்கிருவேன். திரும்பி வர மாட்டேன். ஊர்ல எல்லாரும் பேசறாங்க. நீங்களாவது பேசாதீங்க."

லோர்மோ ஐயா தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். மணி ஒரு தடவை அடித்தது. பேசாத மனுஷனிடம் போய்ப் பேசாதே என்று சொன்னால் என்ன ஆகும்? அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. சின்னப் பூசைகளுக்கு எப்படியோ சமாளித்தார். இருபத்தோராம் வருஷம் கோடையில், கல்லறைத் திருநாளுக்கு லோர்மோ ஐயா பெரிதாக ஒன்று எழுதுகிறார் என்று செய்தி வந்தது. மேயர் வருவார், பாரிஸிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். பாட்டு அரைமணிக்கு மேல் போகுமாம். அவ்வளவு நேரம் மிதிக்க எலுவாவுக்கு மார்பு ஏது? எலுவாவிடம் சொன்னால் கேட்க மாட்டார் என்று நேரே லோர்மோ ஐயா வீட்டுக்கே போனேன்.

"ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அன்னைக்கு மட்டும் வேற ஆளை வெச்சுக்குங்க. பட்டறையில ரெண்டு தடியனுங்க இருக்கானுங்க."

அவர் கையெல்லாம் மை. என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. "அவனுக்கு வேண்டியதை எழுதியிருக்கேம்மா. பயப்படாதீங்க," என்றார்.

"எழுதினா ஆச்சா? காகிதமா மிதிக்கப் போவுது?"

"போயிட்டு வாங்கம்மா," என்றார்.

திமிர் பிடித்த கிழம் என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு வந்தேன். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒத்திகை ஒரே ஒரு நாள்தான். மத்தியான நேரம், காலிக் கோயில். அது முடிந்து வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். முட்டைக்கோசும் பன்றிக்கறியும் போட்ட சூப், அவருக்குப் பிடித்தது. கரண்டியைத் தொடவில்லை.

"என்னங்க? முடியலையா?"

"மிதிக்க முடியுது. அதில்ல." தட்டைத் தள்ளி வைத்தார். "பாட்டுல ஒம்போது இடத்துல நிறுத்தம் வெச்சிருக்காரு. செத்த பசங்களுக்காக. அதுவரைக்கும் மிதிக்கற வேகத்துல இருமல் அடங்கி இருக்கு. காலை நிறுத்தினதும், சரியா அந்த அமைதியில, பொத்துக்கிட்டு வருது. கோயில் பூரா எதிரொலிக்குது, ஸெலி."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நான் இருமி முடிக்கற வரைக்கும் அடுத்த சுரத்தைத் தொடவே இல்ல. அந்தப்பக்கம் சும்மா காத்திருக்காரு. எவ்வளவு கோவம் இருந்தா அப்படி இருப்பாரு! நாப்பத்தேழு பசங்க, ஸெலி. என்னோட போனவங்க. அவங்களுக்குன்னு மனுஷன் ஒரு அமைதி எழுதி வெச்சிருக்கான். அதுல நான் போயி..."

அவர் கண் கலங்கிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. போரிலிருந்து வந்தபோதுகூட அழாத மனுஷன்.

நான் யார்? நாற்காலிக்காரி. கோயிலில் இருமல் என்றால் எனக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். பட்டாளத்தில் இடுப்பில் சுற்றிக்கொள்ளக் கொடுத்த ஃபிளானல் துணி பெட்டியில் இருந்தது. அதை வெட்டி, நாலாக மடித்து, ஓரம் தைத்து, கையடக்கமாக ஒரு திண்டு செய்தேன்.

"இந்தாங்க. பாட்டு நிக்கறப்ப இதை வாயில வெச்சுக் கடிச்சுக்குங்க. மூக்கால மூச்சு விடுங்க. பாட்டு தொடங்கினதும் எடுத்துட்டு மிதிங்க. ஒரு ஈ காக்காய்க்குக் கேக்காது."

அவர் அதை வாங்கிக் கடித்துப் பார்த்தார். தலையாட்டினார். முகம் தெளிந்துவிட்டது. "உன் மூளையே மூளைடி," என்றார். அப்புறம் சூப்பை இரண்டு தட்டு குடித்தார். அதற்குப் பிறகு ஒத்திகை இல்லை. நாலு நாளில் திருநாள்.

அன்றைக்குக் கோயில் நிறைந்து வாசல்வரை நின்றார்கள். கல்லறைக்குக் கொண்டுபோகிற சாமந்தித் தொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் தூண் பக்கத்தில். பாட்டு தொடங்கியது. எனக்குப் பாட்டு தெரியாது. ஆனால் காற்று தெரியும். எலுவாவின் காற்று, பதினைந்து வருஷமாகக் கேட்டது. ஒரு சொட்டுத் தளும்பவில்லை.

முதல் நிறுத்தம் வந்தது. நான் என் கைகளை நெரித்துக்கொண்டு மனதுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். சத்தமே இல்லை. இருமல் வரவில்லை! ஜபம் முடிந்ததும் பாட்டு தொடர்ந்தது. இரண்டாவது நிறுத்தத்தில் ஜபம் முடிந்தும் பாட்டு தொடங்கவில்லை, இன்னொன்று பாதி சொல்லிவிட்டேன். ஒவ்வொரு நிறுத்தமும் முந்தினதைவிட நீண்டுகொண்டே போனது. ஜனங்கள் மூச்சுவிடவில்லை. ஒரு தாய் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள், சத்தம் வராமல். ஒன்பதாவது நிறுத்தத்தில் நான் நாலு ஜபம் சொன்னேன். நாலு! அறுநூறு பேர் இருந்த கோயிலில் மெழுகுவத்தி எரிகிற சத்தம் கேட்டது. என் நெஞ்சில் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. என் புருஷன் இருமவில்லை. நான் தைத்த துணி காப்பாற்றிவிட்டது.

பிறகு கடைசிச் சுரம் வந்தது. நீளமாக நின்றது. நின்றபடியே கீழே சரிந்தது. முனகியது. ஓய்ந்தது. ஈயக் குண்டு ஆணிக்குக் கீழே போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. பாரிஸ்காரர்கள் எல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று நினைத்து உருகிப்போனார்கள். நான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

எனக்கு முன்னால் உர்பேன் மேலே போயிருந்தான். எலுவா மிதிகட்டையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். துணி வாயில் அப்படியே இருந்தது. சிவப்பாக இருந்தது.

ஒன்பது நாள் இருந்தார். பேச்சு பாதி வந்தது. முதல் நாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"யாருக்காவது கேட்டுச்சா?"

"ஒருத்தருக்கும் கேக்கல. ஊசி விழுந்தா கேட்டிருக்கும்."

"நெசமா?"

"மாதா மேல சத்தியமா."

கண்ணை மூடிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு போய்ச் சேர்ந்திருந்தால்கூடத் தேவலை. ஆனால் ஒவ்வொரு நாளும் அதையே கேட்டார். ஒவ்வொரு நாளும் நானும் அதையே சொன்னேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் லோர்மோ ஐயா வீட்டு வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் பத்து வயது கூடினது போல் இருந்தார். கடைசியில் கேட்டார்:

"அவன் ஏன் இருமல?"

எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். புருஷனைப் புதைத்த மண் ஷூவில் காயவில்லை. இந்த ஆள் வந்து, இருமல் கேட்கவில்லையே என்று விசாரிக்கிறான். "போதுமா ஐயா? உங்க பாட்டு கெடாம செத்தாரு. திருப்தியா? போங்க!" என்று கத்தி, முகத்தில் அறைந்த மாதிரி கதவைச் சாத்தினேன். அவர் உடனே போகவில்லை. கதவுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றது கீழ் இடுக்கில் நிழலாகத் தெரிந்தது. நிற்கட்டும் என்று விட்டேன்.

மறுவருஷம் ஆர்கனுக்கு மின்சார மோட்டார் வைத்தார்கள். பாட்டு அச்சாகி ஊர் ஊராகப் போனது. எங்கே வாசித்தாலும் மௌனங்களை நீட்டி நீட்டி வாசித்தார்களாம். லோர்மோ ஐயா ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளுக்கு வாசித்தார், அவ்வளவுதான். புதிதாக ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பாட்டை அவர் மறுபடி தொடவே இல்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் வெளியூரிலிருந்து யாரையாவது வரவழைத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கு வீட்டில் இருந்துவிடுவார். பெரிய மனுஷத் திமிர் என்றேன் நான். எட்டு வருஷம் அவருக்கு நான் வணக்கம் சொல்லவில்லை. அவர் மட்டும் என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவார். இருபத்தொன்பதில் அவர் செத்தார். சவப்பூசைக்கு நான் ஒரு நாற்காலிகூட எடுத்துப் போடவில்லை. மந்திரிகளும் மேயரும் நின்றுகொண்டே பூசை பார்த்தார்கள். சாமி என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். திட்டட்டும்.

இந்த வருஷம் அக்டோபர் கடைசியில் ஒரு பெண் என் கதவைத் தட்டினாள். பெயர் ஒடில். இருபத்தைந்து வயது இருக்கும். பாரிஸில் ஆர்கன் படித்தவள், இந்தத் திருநாளுக்கு வாசிக்க வந்தவள். கையில் ஒரு தோல் பை.

"மன்னிச்சிருங்கம்மா. லோர்மோ ஐயாவோட தங்கச்சி அவரோட கையெழுத்துப் பிரதியை எனக்குக் கொடுத்தாங்க. பென்சில்ல ஒரு பேர் எழுதியிருக்கு. யாருக்கும் புரியல. கோயில்ல கேட்டேன், உங்க வீட்டைக் காட்டினாங்க."

"என்ன பேர்?"

"பாரோ."

மேசையில் காகிதங்களை விரித்தாள். சுரங்கள் எனக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான். ஆனால் எழுத்துத் தெரியும். அது அவர் கைதான். பூசைப் பாட்டுகளை எழுதிச் சாமி அறைக் கதவில் ஒட்டுவாரே, அதே சாய்ந்த கை. சுரங்கள் நின்று கோடு காலியாக இருக்கிற இடத்துக்கு மேலே, பென்சிலில்:

"பாரோ இங்கே இருமிக்கொள்ளட்டும். அவன் முடித்த பிறகு தொடங்கு."

பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த காலி இடம். "பாரோ இருமட்டும். காத்திரு." அடுத்தது. அடுத்தது. ஒன்பது இடத்திலும். ஒன்பதாவதில் மட்டும் இன்னும் ஒரு வரி அதிகம் இருந்தது: "இங்கே அவசரம் வேண்டாம். களைத்திருப்பான்."

ஒன்பது இடத்தையும் விரல் வைத்து முதலிலிருந்து மறுபடி படித்தேன். அந்தப் பெண் பயந்துபோய் என் தோளைத் தொட்டாள்.

ஒத்திகையில் லோர்மோ ஐயா கோபத்தில் காத்திருக்கவில்லை. இவர் இருமி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். மூச்சைப் பற்றிப் பேசாதே என்று சொன்னதால், பேசாமல் எழுதி வைத்தார். திருநாள் அன்றைக்கு இருமல் கேட்கவில்லை. கேட்டால் தொடங்கலாம் என்று அவர் முன்னால் காத்திருக்கிறார். பாட்டு தொடங்கினால் துணியை எடுக்கலாம் என்று இவர் பின்னால் காத்திருக்கிறார். நடுவில் ஒரு பலகை. நான் கீழே நின்று ஜபத்தை எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"துணியைத் தெச்சது நான்தான்," என்றேன் ஒடிலிடம். "நாலா மடிச்சுத் தெச்சேன். ஓரம் பிரியக் கூடாதுன்னு ரெண்டு தையல் போட்டேன்."

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் வந்து நின்று கேட்டாரே, அதையும் சொன்னேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. அழுவதற்கு நான் யார் என்று இருந்தது. பிறகு அவளிடம் ஒன்று கேட்டேன்.

"நீ காத்திருப்பியா, கண்ணு?"

"காத்திருக்கேம்மா. எவ்வளவு நேரமானாலும்."

எங்கள் ஊரில் புகை பட்டவர்கள் இன்னும் நாலு பேர் மிச்சம். தச்சர் ஃபிர்மான் அவர்களில் ஒருத்தர். கல்லறைத் திருநாள் பூசையில் அந்தப் பாட்டு தொடங்கும் முன்பே நாலு பேரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். பதினோரு வருஷமாக அப்படித்தான். மௌனத்தில் இருமிவிடுவோமோ என்ற பயம், என் முறைப்புக்கும் பயம். அவர்களுக்கும் அவர்கள் சிநேகிதர்களுக்கும் எழுதின பாட்டை அவர்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. பனியில் சுவரோரம் நின்று இருமிக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தடவை ஃபிர்மான் எழுந்தபோது நான் போய் முன்னால் நின்றேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க."

"ஸெலி அக்கா, வேண்டாம். என்னால அடக்க முடியாது."

"யார் அடக்கச் சொன்னது? இருமறதுக்குத்தான் உக்காரச் சொல்றேன். மத்த மூணு பேரையும் உக்காரச் சொல்லுங்க."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். உட்கார்ந்தார்.

பாட்டு தொடங்கியது. முதல் நிறுத்தம் வந்தது. பாரிஸ்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு தயாராக இருந்தார்கள். நான் தூணைவிட்டு நடுவழிக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி இருமினேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் திரும்பி என்னை முறைத்தாள். நான் திருப்பி முறைத்தேன், அவளுக்கு முறைக்கத் தெரியவில்லை. அப்போது என் பின்னால் ஃபிர்மான் இருமினார். அடக்கி அடக்கி, பிறகு அடக்காமல். இன்னொருவர். இன்னொருவர். சரளைக்கல் சரிகிற அதே சத்தம். மேலே ஒடில் கையை மடியில் வைத்துக்கொண்டு, தன் தலைக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி காத்திருந்தாள். கடைசி இருமல் அடங்கி, ஃபிர்மான் வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த சுரத்தைத் தொட்டாள்.

எட்டு இடத்திலும் அப்படித்தான் நடந்தது. ஒன்பதாவது வந்தது. நாலு பேரும் இருமினார்கள், ஓய்ந்தார்கள். கோயில் அமைதியானது. ஒடில் தொடங்கவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆர்கனுக்குப் பின்னால், அந்தப் பலகை அறையிலிருந்து, இன்னும் ஒரு இருமல் பாக்கி இருந்தது. இருமிடுங்க, என்றேன் உள்ளுக்குள். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நல்லா இருமிடுங்க.

அங்கே மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு நானே கையைத் தூக்கி, போதும், வாசி என்று அவளுக்குச் சைகை காட்டினேன்.